யாரும் பேசாத ஆங்கிலத்தில் ஒரு கேள்வித்தாள்

‘ஐ ______ டு லண்டன்.’ கீழே நான்கு விடைகள்: கோ, வென்ட், ஹேவ் பீன், ஹேட் பீன். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதை எழுதியவர் மனதில் ஹேவ் பீன்தான் இருந்திருக்கும். பிரஸன்ட் பெர்ஃபெக்ட் பாடத்தை முடித்த கையோடு அதைச் சோதிக்க உட்கார்ந்திருப்பார். ஆனால் தேர்வு எழுதுபவர் கண்முன் இருப்பது அந்தப் பாடம் இல்லை, இந்த ஒற்றை வரி. வரியை மட்டும் பார்த்தால் வென்ட் சரி. ஹேவ் பீனும் சரி. வேலை விஷயமாக லண்டனுக்குப் போய்வருவதுண்டு என்ற பொருளில் கோ கூடச் சரி. முன்னால் ஒரு கதை ஓடிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டால் ஹேட் பீனையும் தள்ள முடியாது. இப்படி நான்கும் பொருந்துகிற இடத்தில் மாணவர் என்ன செய்வார்? கேள்வி போட்டவர் எதை நினைத்திருப்பார் என்று ஊகிப்பார். கெட்டிக்கார மாணவர்கள் சரியாகவே ஊகித்துவிடுவார்கள், மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். அதற்கும் அவர்களுடைய ஆங்கிலத்துக்கும் சம்பந்தமில்லை.

ஆங்கில இலக்கணத் தேர்வுகளுக்குக் கேள்வி எழுதுவதும், பிறர் எழுதிய கேள்விகளைப் படித்துத் திருத்துவதும் என் பிழைப்பு. என் மேஜைக்கு வரும் மோசமான கேள்விகளை எழுதியவர்களுக்கு இலக்கணம் நன்றாகவே தெரியும். அவர்கள் விதியை முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள், பிறகு அந்த விதிக்கு அளவெடுத்து ஒரு வாக்கியத்தை இட்டுக்கட்டுகிறார்கள். விதியில் குறை இருக்காது. வாக்கியத்தைத்தான் எந்த மனிதரும் எந்த மனிதரிடமும் எந்த நாளிலும் சொல்லியிருக்க மாட்டார். என் வழி தலைகீழ். யாராவது உண்மையில் சொல்லக்கூடிய வாக்கியத்தை முதலில் பிடிக்க வேண்டும், அதற்கப்புறம்தான் கோடு போட வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். வினைச்சொல்லின் வடிவம் தெரியுமா என்று கேட்பது ஒரு ரகம். எந்த இடத்தில் எந்தக் காலத்தைப் பயன்படுத்துவது என்று தெரியுமா எனக் கேட்பது வேறு ரகம். வடிவத்தைக் கேட்க ஒரு வரி போதும். ‘ஹேவ் யூ எவர் ______ டு லண்டன்?’ என்று போட்டு பீன், வென்ட், கோ, வாஸ் என்று விடைகள் கொடுத்தால் தகராறே இல்லை. ஹேவ் முன்னால் நிற்பதால் பீன் மட்டும்தான் அங்கே உட்காரும். காலத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போது கதை வேறு. அங்கே யார் பேசுகிறார், எப்போது பேசுகிறார், எதற்காகப் பேசுகிறார் என்பது வாக்கியத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். அது தெரியாத இடத்தில் இலக்கணமே ஒன்றும் சொல்லாது.

ஒரு கேள்வியை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். ‘ஷி ______ லெட்டர்ஸ் சின்ஸ் மார்னிங்.’ விடைகள்: ரைட்ஸ், இஸ் ரைட்டிங், ஹேஸ் பீன் ரைட்டிங், ரோட். லண்டன் கேள்வியில் இருந்த கோளாறு இதில் இல்லை. விடை ஒன்றே ஒன்றுதான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனாலும் இதை நான் திருப்பி அனுப்புவேன். காலையிலிருந்து கடிதமாக எழுதித் தள்ளிக்கொண்டிருக்கும் இந்தப் பெண் யார்? இதை யார் யாரிடம் சொல்கிறார்? சின்ஸ் மார்னிங் என்ற பிரயோகத்தையே பாருங்கள். பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ வளர்ந்த ஒருவர் பெரும்பாலும் சின்ஸ் திஸ் மார்னிங் என்பார், அல்லது ஆல் மார்னிங் என்பார்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. சின்ஸ் என்ற ஒரே சொல்லை விட்டுவிட்டு வரியில் மற்ற எல்லாவற்றையும் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். விடை அப்போதும் வந்துவிடும். சின்ஸைக் கண்டால் ஹேஸ் பீன் என்று மனப்பாடம் செய்தவர் வாக்கியத்தைப் படிக்கவே வேண்டியதில்லை. அதே மாணவர் அடுத்த பக்கத்தில் ‘சின்ஸ் இட் வாஸ் ரெய்னிங், வீ ஸ்டேய்ட் அட் ஹோம்’ என்ற வரியைப் பார்த்தால் தடுமாறிப் போவார். அங்கே சின்ஸ் காரணத்தைச் சொல்ல வந்திருக்கிறது, காலத்தை அல்ல.

சரி, இதை எப்படித் திருத்துவது? இரண்டு பேரைப் பேச விடுவேன். ஒருவர் சொல்கிறார்: ‘யூ லுக் டயர்ட்.’ மற்றவர்: ‘ஐ ______ த கிச்சன் ஆல் மார்னிங், அண்ட் ஐ’ம் ஸ்டில் நாட் டன்.’ விடைகள்: பெயின்ட், ஆம் பெயின்டிங், ஹேவ் பீன் பெயின்டிங், ஹேட் பெயின்டட். இப்போது ஒவ்வொரு கதவாகச் சாத்திப் பார்க்கலாம். ஆம் பெயின்டிங் என்பது நாளைய திட்டத்தைச் சொல்லும்போது ஆல் மார்னிங்குடன் சேரும். ஆனால் களைத்துப் போனவர் இனிமேல் செய்யப்போகும் வேலையைச் சொல்லவில்லை. ஹேட் பெயின்டட் என்றால் வேலை முடிந்த தொனி வருகிறது, இன்னும் முடியவில்லை என்ற பின்பகுதியோடு அது ஒட்டாது. வெறும் பெயின்ட் போட்டால் தினசரிப் பழக்கமாகிவிடும். அடுப்படிக்குத் தினமும் யாரும் பெயின்ட் அடிப்பதில்லை.

இந்த நான்கில் வாஸ் பெயின்டிங் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். விடைகளை எழுதும்போது முதலில் கைக்கு வருவது அதுதான். ஆனால் பேச்சில் ஒருவர் ‘ஐ வாஸ் பெயின்டிங் த கிச்சன் ஆல் மார்னிங்’ என்று இந்த இடத்தில் சொன்னால் கேட்பவர் காதில் உறுத்தாது. புத்தகத்தைக் காட்டி அது தவறு என்று வாதாடலாம்தான். மாணவரிடம் அந்த வாதத்தை நடத்த நாம் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. தவறான விடை என்றால் ஆங்கிலம் தெரிந்த எவர் காதுக்கும் தவறாகப் பட வேண்டும். வாதாடித் தவறாக்க வேண்டிய விடையைப் பட்டியலிலேயே சேர்க்கக் கூடாது.

ஒற்றை வரிக் கேள்விகள் இவ்வளவு பெருகியதற்கு ஒரு வரலாறு உண்டு. விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கொள்குறி வினா என்ற வடிவத்தையே 1910களின் நடுவில் கன்சாஸில் ஃப்ரெடரிக் கெல்லி தன் வாசிப்புத் தேர்வுக்காக உருவாக்கியதாகச் சொல்வார்கள். திருத்துபவரைப் பொறுத்து மதிப்பெண் மாறிவிடக் கூடாது என்பது அதன் நோக்கம், நியாயமான நோக்கம். மொழித்தேர்வுக்கு இதை ஒரு முறையாக வகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் லாடோ. 1961இல் வந்த அவருடைய நூல், மொழியைச் சிறுசிறு புள்ளிகளாகப் பிரித்து ஒரு கேள்விக்கு ஒரு புள்ளி என்று சோதிக்கும் வழியைக் காட்டியது. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கான டோஃபெல் தேர்வு 1964இல் தொடங்கியபோது காற்று அந்தப் பக்கம்தான் வீசியது. அதன் பழைய காகிதத் தேர்வில் இலக்கணத்துக்கென்றே ஒரு பகுதி இருந்தது: 25 நிமிடம், 40 கேள்வி, எல்லாம் தனித்தனி வாக்கியங்கள். 2005இல் வந்த இணையவழித் தேர்வில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். எடுத்த இடத்தில் எடுத்தார்கள், மற்ற இடங்களில் அந்தப் பழக்கம் சௌக்கியமாக வாழ்கிறது.

வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லும் கேள்விகளுக்கு வருகிறேன். இங்கேதான் யாரும் பேசாத ஆங்கிலம் கொட்டிக் கிடக்கிறது. ‘ஐ ஏட் அன் ஆப்பிள்’ என்பதைச் செயப்பாட்டு வினையாக்கு என்றால் ‘அன் ஆப்பிள் வாஸ் ஈட்டன் பை மீ’ என்று வரும். போலீஸ் வாக்குமூலத்தில்கூட இப்படி ஒரு வரி வராது. இலக்கணப்படி குற்றமில்லாத வாக்கியம்தான். ஆனால் இதை ஆயிரம் முறை எழுதினாலும், ஆங்கிலத்தில் ஒருவர் ஏன் செயப்பாட்டு வினைக்குப் போகிறார் என்பது மாணவருக்குத் தெரியவே தெரியாது. ‘மை பைக் வாஸ் ஸ்டோலன்’ என்று சொல்கிறவர், திருடியது யார் என்று தெரியாததால் அப்படிச் சொல்கிறார். ‘த ரோட் ஹேஸ் பீன் க்ளோஸ்ட்’ என்ற அறிவிப்பில் மூடியவர் யார் என்பது யாருக்கும் தேவையில்லை. மாற்றும் பயிற்சி இந்த இரண்டிலும் பை ஸம்ஒன் என்று ஒரு வாலை ஒட்டவைக்கும். யாரோ ஒருவர்தானே திருடுவார்!

இரண்டு வாக்கியத்துக்கும் ஒரே பொருள் என்ற நம்பிக்கையும் எப்போதும் நிற்பதில்லை. அந்த அறையில் இருக்கும் எல்லோருக்கும் குறைந்தது இரண்டு மொழி தெரியும் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதையே செயப்பாட்டு வினைக்குத் திருப்பினால், குறிப்பிட்ட இரண்டு மொழிகள் எல்லோருக்கும் தெரியும் என்ற பொருள் தலைதூக்கும். முன்னதில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இரண்டு மொழிகள் இருக்கலாம். மொழியியலாளர் சாம்ஸ்கி 1957இலேயே எடுத்துக்காட்டிய விஷயம் இது. இன்றைக்கும் எவ்ரிஒன், நோபடி, மெனி போன்ற சொற்களோடு மாற்றும் கேள்வி வந்தால் நான் சிவப்பு மையைத் திறந்துவிடுவேன்.

மாற்றி எழுதும் கேள்வியே கூடாது என்று சொல்லவில்லை. கேம்பிரிட்ஜின் பி2 ஃபர்ஸ்ட் தேர்வில் இது இன்னும் இருக்கிறது. ஒரு வாக்கியமும் ஒரு சொல்லும் தருவார்கள். அந்தச் சொல்லை மாற்றாமல், அதையும் சேர்த்து இரண்டிலிருந்து ஐந்து சொற்களுக்குள் இரண்டாவது வாக்கியத்தின் இடைவெளியை நிரப்ப வேண்டும். அந்தப் பாணியில் ஒன்றைச் சொல்கிறேன். ‘இட்’ஸ் அ பிட்டி ஐ கான்ட் ஸ்விம்’ என்று கொடுத்து விஷ் என்ற சொல்லைத் தந்தால், ‘ஐ விஷ் ஐ குட் ஸ்விம்’ என்பது விடை. இரண்டு பக்கமும் மனிதர்கள் பேசுகிற வாக்கியம். ஆப்பிள் வாக்கியத்தில் இல்லாதது இதுதான்.

செயப்பாட்டு வினையை நேரடியாகவே கேட்கலாம். ‘த ஐஃபில் டவர் ______ இன் 1889’ என்று போட்டு கம்ப்ளீட்டட், வாஸ் கம்ப்ளீட்டட், ஹேஸ் கம்ப்ளீட்டட் என்று விடைகள் தரலாம். கோபுரம் தானாக எதையும் கட்டி முடிக்காது. அதனால் வாஸ் கம்ப்ளீட்டட் மட்டும் தேறும். ஆனால் இதே அச்சில் ‘த சிட்னி ஹார்பர் பிரிட்ஜ் ______ இன் 1932’ என்று எழுதி ஓப்பன்ட், வாஸ் ஓப்பன்ட் இரண்டையும் விடைகளில் வைத்தால் மாட்டிக்கொள்வோம். ஓப்பன் இரண்டு வழியிலும் ஓடும் வினை. பாலம் ஓப்பன்ட் என்றும் சொல்லலாம், வாஸ் ஓப்பன்ட் என்றும் சொல்லலாம். க்ளோஸ், ஸ்டார்ட், சேஞ்ச், பிரேக் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

இயல்பான வாக்கியமாக எழுதிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று இதுவரை படித்ததில் தோன்றியிருக்கலாம். 2002 அக்டோபரில் அமெரிக்காவில் பள்ளி மாணவர்களுக்கு நடந்த பிஎஸ்ஏடி தேர்வின் ஒரு கேள்வி அந்த நினைப்பைக் கலைத்துவிடும். பிழை இருக்கும் பகுதியைக் கண்டுபிடிக்க வேண்டும், பிழையே இல்லையென்றால் நோ எரர் என்று குறிக்க வேண்டும். வாக்கியம் இது: டோனி மாரிசனின் மேதைமை, ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் அனுபவித்த அநீதிகளிலிருந்து எழுந்து அவற்றையே சொல்லும் நாவல்களைப் படைக்க அவருக்கு வழிசெய்கிறது. ஆங்கில மூலத்தில் ‘டோனி மாரிசன்ஸ் ஜீனியஸ் எனேபிள்ஸ் ஹெர்’ என்று தொடங்கும். விடைக்குறிப்பில் நோ எரர். மேரிலாந்தில் ஒரு பள்ளி ஆசிரியர் இதை ஆட்சேபித்தார். ஹெர் என்ற பிரதிப்பெயர் யாரைச் சுட்டுகிறது? வாக்கியத்தில் இருப்பது மாரிசன் அல்ல, மாரிசன்ஸ் என்ற உடைமைச் சொல். உடைமைச் சொல்லைப் பிரதிப்பெயர் சுட்டக் கூடாது என்று சில பழைய நடைக்கையேடுகள் சொல்கின்றன. தேர்வை நடத்தியவர்கள் முதலில் அவர் வாதத்தை ஏற்கவில்லை. கடைசியில் 2003இல் அந்தக் கேள்வியை மதிப்பெண் கணக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

அந்த விதிக்கு என்னிடம் மரியாதை இல்லை. ‘மேரிஸ் மதர் லவ்ஸ் ஹெர்’ என்று எல்லோரும் சொல்கிறார்கள், எழுதுகிறார்கள். யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. வாக்கியம் இயல்பானதுதான், விடைக்குறிப்பும் சரிதான் என்பது என் கட்சி. அப்படியிருந்தும் கேள்வி விழுந்தது. காரணம் நோ எரர் என்ற அந்த ஐந்தாவது விடை. உலகத்தில் எந்த இலக்கண நூலும், எந்த நடைக்கையேடும், எந்தப் பிடிவாதக்கார ஆசிரியரும் இந்த வரியில் குறை காண முடியாது என்று உத்தரவாதம் கொடுக்கச் சொல்கிறது அது. அப்படிப்பட்ட வாக்கியம் ஆங்கிலத்தில் அதிகம் இல்லை. பிழை கண்டுபிடிக்கச் சொல்வதாக இருந்தால், பிழை உண்டு என்று முன்னாலேயே சொல்லிவிட்டு, எங்கே என்று மட்டும் கேட்பது எனக்குப் பிடிக்கும். அந்தப் பிழையும் யாரும் ஆதரித்து வாதாட முடியாத பிழையாக இருக்க வேண்டும்.

இதிலிருந்து கிளம்புவது யாருடைய ஆங்கிலம் என்ற கேள்வி. ‘ஷி இஸ் இன் ______ ஹாஸ்பிடல்’ என்று போட்டு ஆர்ட்டிகிள் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரிட்டிஷ்காரர் நோயாளியைப் பற்றிச் சொன்னால் ஆர்ட்டிகிளே போடமாட்டார். அமெரிக்கர் த போடுவார். எந்த மருத்துவமனை என்பது முக்கியமில்லையென்றால் அ வரலாம். மூன்றும் நல்ல ஆங்கிலம். ‘த டீம் இஸ்’, ‘த டீம் ஆர்’ கதையும் அதேதான். யெட், ஆல்ரெடி வரும் இடத்தில் பிரிட்டனில் பிரஸன்ட் பெர்ஃபெக்டை எதிர்பார்ப்பார்கள், அமெரிக்காவில் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்று சாதாரணமாகக் கேட்பார்கள். ஏதாவது ஒரு பக்கத்து ஆங்கிலத்தைச் சோதிக்கிறோம் என்றால் கேள்வித்தாளின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடலாம். சொல்லவில்லையென்றால் இந்த இடங்களைத் தொடாமல் போவது நல்லது. தொடுவதற்கு ஆங்கிலத்தில் வேறு இடமா இல்லை?

சந்தேகம் வரும்போது என் காதை மட்டும் நான் நம்புவதில்லை. ஒரு பிரயோகத்தை மாற்றி மாற்றிப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் எல்லாமே சரியாகத் தோன்ற ஆரம்பித்துவிடும். அதற்குக் கார்ப்பஸ்கள் இருக்கின்றன, அதாவது மக்கள் உண்மையில் எழுதியதையும் பேசியதையும் திரட்டிவைத்த தரவுத்தொகுப்புகள். பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ் 10 கோடிச் சொற்கள் கொண்டது, சமகால அமெரிக்க ஆங்கிலத்துக்கான கோக்கா 100 கோடியைத் தாண்டியது. அங்கே தேடினால் எத்தனை முறை வருகிறது என்பதோடு எந்த மாதிரி வாக்கியத்தில் வருகிறது என்பதும் தெரியும். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும். பல நேரம் அங்கே கிடைக்கும் ஒரு வாக்கியத்தின் சாயலிலேயே கேள்வியை எழுதிவிடலாம். கூகுளில் தேடி இத்தனை லட்சம் முடிவுகள் என்று காட்டுவதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு வருபவர்களோடு நான் பேச்சு வளர்ப்பதில்லை.

அதைவிட எளிய சோதனை, விடைகளை மறைத்துவிட்டுக் கேள்வியை நன்றாக ஆங்கிலம் பேசும் சிலரிடம் கொடுப்பது. கோட்டில் அவர்களாகவே எழுதுவது நம் விடையோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆளுக்கொன்றாக எழுதினால் சூழல் போதவில்லை. எல்லோரும் கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துவிட்டு எழுதினால் வாக்கியமே செயற்கை. தேர்வு முடிந்தபிறகு எண்களும் சொல்லிக்கொடுக்கும். மொத்தத்தில் அதிக மதிப்பெண் வாங்கியவர்கள் ஒரு கேள்வியில் தவறி, கடைசியில் நிற்பவர்கள் அதில் சரியாக எழுதியிருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இரண்டாவது சரியான விடையைப் பார்த்திருப்பார்கள்.

விடைகள் வரிசையில் நடக்கும் சில்லறைக் கோளாறுகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். கோட்டுக்கு முன் அன் என்று எழுதிவிட்டு, உயிரொலியில் தொடங்கும் ஒரே ஒரு விடையை வைப்பது. சரியான விடையை மட்டும் நீளமாக எழுதுவது. நான்கு விடை வேண்டுமே என்பதற்காக யாரும் திரும்பிக்கூடப் பார்க்காத ஒன்றைச் சேர்ப்பது. மூன்று நல்ல விடைகளே போதும் என்று 2005இல் வந்த ரொட்ரிகஸின் ஆய்வுத்தொகுப்பு சொன்னது. நான்காவதைப் பிடித்துக்கொண்டு தொங்குவது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

கேள்விக்கு மேலே வரும் கட்டளையையும் படித்துப் பாருங்கள். ‘மிகப் பொருத்தமான விடையைத் தேர்ந்தெடு’ என்று இலக்கணக் கேள்வியில் எழுதியிருந்தால், ஒன்றுக்கு மேல் பொருந்துகிறது என்று எழுதியவருக்கே தெரியும் என்று அர்த்தம். ‘பின்வருவனவற்றுள் தவறில்லாதது எது அல்ல’ வகைக் கேள்விகளைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

விடைகள் தராமல் கோடு மட்டும் போடுவதில் வேறு தொல்லை. ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ______ யூ’ என்றால் ஸீயிங் எழுதலாம், மீட்டிங் எழுதலாம், ஹெல்பிங், ஜாய்னிங் எதையும் எழுதலாம். எல்லாவற்றுக்கும் மதிப்பெண் கொடுக்கத் தயாராக இருந்தால் இது நல்ல கேள்வி. டுவுக்குப் பின்னால் இங் வருகிறதா என்பதுதானே சோதனை. விடைக்குறிப்பில் ஸீயிங் மட்டும்தான் என்றால், ஸீ என்ற வினையைக் கோட்டின் ஓரத்தில் கொடுத்துவிட வேண்டும்.

கடைசியாக, என்னிடம் அதிகம் வந்து நிற்கும் கேள்வி: ‘இஃப் ஐ ______ யூ, ஐ வுட் கால் ஹிம்.’ விடைகளில் வாஸ், வெர் இரண்டும் இருக்கும். வெர்தான் சரி என்பார் ஒருவர். வாஸ் என்று எத்தனையோ பேர் இயல்பாகப் பேசுகிறார்களே என்பார் இன்னொருவர். இருவரிடமும் சரக்கு இருக்கிறது, சண்டை முடியாது. நான் கோட்டை நகர்த்திவிடுவேன். ‘இஃப் ஐ வெர் யூ, ஐ ______ ஹிம்.’ விடைகள்: கால்ட், வில் கால், வுட் கால். முன்பாதியில் வெர் இருப்பதை வாஸ் கட்சிக்காரரும் ஆட்சேபிப்பதில்லை. பின்பாதியில் இந்த மூன்றில் வுட் கால் தவிர வேறெதையும் இரண்டு கட்சிக்காரரும் சொல்வதில்லை.